நெஞ்சு விரிந்தால் நாவு அவிழும்



"வீட்டில் கடகடவென்று ஒப்பிக்கிறான் ஹஜ்ரத்! உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால் மட்டும் ஏன் இப்படி விழிக்கிறான் என்றே விளங்கவில்லை."

இருபது ஆண்டுகளாக மதரஸாவில் பாடம் நடத்தி வரும் நான் இந்த முறையீட்டைக் கேட்காத மாதமில்லை. தாய்மார்கள் இதைச் சற்றுக் கூச்சத்துடன் சொல்வார்கள். பிள்ளை வீட்டில் ஓதவே இல்லை, பொய் சொல்கிறார்கள் என்று நான் எண்ணிவிடுவேனோ என்னும் கூச்சம் அது. தகப்பனார்களோ பெரும்பாலும் வேறொரு வாசகத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள்: "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்!" தலைமுறை தலைமுறையாக நம் ஊர்களில் பிள்ளையோடு சேர்த்து உஸ்தாதின் கையில் ஒப்படைக்கப்படும் வாசகம் இது.

தாய் சொல்வது உண்மைதான். பிள்ளையும் பொய் சொல்லவில்லை. அதே பாடம், அதே பிள்ளை. இடமும் முகமும் மாறும்போது நெஞ்சின் நிலை மாறுகிறது. நெஞ்சின் நிலை மாறும்போது நாவு கட்டுண்டு போகிறது. இது நம்முடைய நூற்றாண்டில் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியன்று. ஃபிர்அவ்னிடம் செல்லும்படி பணிக்கப்பட்டபோது மூஸா (அலை) அவர்கள் கேட்ட பிரார்த்தனை 'தாஹா' அத்தியாயத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகள் பரீட்சைக்குப் புறப்படும்போது அதைத்தான் ஓதிவிட்டுச் செல்கிறார்கள். அதன் வரிசையை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? முதலில் கேட்கப்படுவது நெஞ்சின் விரிவு. அடுத்துக் காரியம் எளிதாவது. நாவின் முடிச்சு அவிழ்வது அதற்கும் பிறகுதான். பின்னர்த் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்கிறார்கள். 'ஷுஅரா' அத்தியாயத்திலும் நெஞ்சு நெருக்கடிக்குள்ளாவதும் நாவு ஓடாமற் போவதும் அடுத்தடுத்தே பேசப்படுகின்றன. ஓர் இறைத்தூதரே தம் நெஞ்சின் நெருக்கத்தை மறைக்காமல் எடுத்துரைத்திருக்க, எட்டு வயதுப் பாலகன் நடுங்கினால் நாம் மட்டும் அதைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் பெயரிட்டு அழைக்கிறோம்.

அச்சம் உடலுக்குள் செய்யும் வேலையைச் சற்றே பார்ப்போம். நான் கலைப் பட்டதாரி, விஞ்ஞானம் பயின்றவனல்லன். ஆயினும் பிள்ளைகளைக் கையில் வைத்திருப்பவன் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்பதால் தேடித் தேடிப் படித்தேன்.

நம் மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பின் அளவிலும் வடிவிலும் அமிக்டலா என்றோர் உறுப்பு உண்டு. ஆபத்தை முதலில் மோப்பம் பிடிக்கும் காவற்காரன் அது. அதன் அருகிலேயே கடற்குதிரையைப் போல் வளைந்திருக்கும் ஹிப்போகேம்பஸ், புதிய பாடங்களைப் பதிவு செய்யவும் பதிந்தவற்றைத் தேடி எடுக்கவும் உதவுவது. உஸ்தாதின் கை பிரம்பை நோக்கி நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காவற்காரன் கூவுகிறான். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகளிலிருந்து சில வினாடிகளில் அட்ரினலின் பாய்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. சில நிமிடங்கள் கழித்துக் கார்ட்டிசால் என்னும் மற்றொரு சுரப்பு இரத்தத்தில் ஏறத் தொடங்குகிறது. இது உச்சத்தை அடைய ஏறத்தாழ இருபது முப்பது நிமிடம் ஆகும். பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இந்த ஏற்பாடு மிகப் பொருத்தமானது. இறைவன் அதற்காகவே அதை நமக்குள் வைத்திருக்கிறான். ஆனால் 'அஃராஃப்' அத்தியாயத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஓதுவதற்கு அது உதவாது.

1998ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் விஞ்ஞான ஏட்டில் வெளியான ஓர் ஆய்வு என் சிந்தையை விட்டு அகலாதது. நீர்த்தொட்டிக்குள் மறைந்திருக்கும் மேடையைத் தேடி அடைய எலிகளுக்குப் பழக்கினார்கள். மறுநாள் சோதனைக்கு முன்னால் அவற்றின் பாதத்தில் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அதிர்ச்சி கொடுத்த இரண்டு நிமிடத்தில் சோதித்தபோது எலிகள் வழியை மறக்கவில்லை. நான்கு மணி நேரம் கழித்துச் சோதித்தபோதும் மறக்கவில்லை. அரைமணி நேரம் கழித்துச் சோதித்தபோதுதான், கற்றதைத் தேடி எடுக்க இயலாமல் அவை தடுமாறின. கார்ட்டிசாலைப் போன்ற சுரப்பு எலியின் இரத்தத்தில் உச்சத்திலிருந்த நேரம் அதுவே. மனிதர்களிடம் பின்னர் செய்யப்பட்ட ஆய்வுகளும் இதையொட்டியே அமைந்தன.

இதை உங்கள் வீட்டுக் கடிகாரத்தோடு பொருத்திப் பாருங்கள். பரீட்சை நாளன்று காலை, காலுறையைக் காணோம் என்றோ, ஒரு வினாவுக்கு விடை தெரியவில்லை என்றோ வாசற்படியில் வைத்துப் பிள்ளைக்கு நாலு வார்த்தை அர்ச்சனை நடக்கிறது. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்து, வினாத்தாள் கைக்கு வர அரைமணியோ சற்றுக் கூடுதலோ ஆகும். எந்த நேரத்தில் அவனுக்கு மறதி வர வேண்டாமோ, ஏறக்குறைய அந்த நேரத்துக்கே நாம் அதை அனுப்பி வைக்கிறோம்.

"அடியாத மாடு படியாது என்று முன்னோர்கள் சொல்லவில்லையா?" என்று கேட்பீர்கள். சொன்னார்கள், மாட்டைப் பற்றிச் சொன்னார்கள். இதற்கும் ஓர் ஆய்வு உண்டு, மிகப் பழையது. 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்னும் இரு அமெரிக்கர்கள் சுண்டெலிகளுக்கு வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் பிரித்தறியக் கற்பித்தார்கள். தவறான பெட்டிக்குள் நுழைந்தால் மின்னதிர்ச்சி. இரண்டு பெட்டிகளின் வேறுபாடு பளிச்சென்று இருந்தபோது, அதிர்ச்சி கூடக்கூடப் படிப்பும் விரைவாயிற்று. வேறுபாட்டைக் குறைத்துப் பாடத்தைக் கடினமாக்கியபோதோ, ஓரளவுக்கு மேல் அதிர்ச்சி கூடக்கூடப் படிப்பு மந்தமாயிற்று. ஏரில் கட்டிய மாடு நேரே நடந்தால் போதும். அது எளிய பாடம். நம் பிள்ளைகளின் பாடம் அப்படிப்பட்டதா? திருமறையில் ஒன்றைப் போலவே ஒலிக்கும் வசனங்கள் எத்தனை! சூனியக்காரர்கள் மூஸா (அலை) அவர்களோடு மோதிய நிகழ்ச்சி 'அஃராஃபி'லும் வருகிறது, 'தாஹா'விலும் வருகிறது, 'ஷுஅரா'விலும் வருகிறது. ஒரு சொல் மாறினால் பிள்ளை ஒரு ஜுஸ்விலிருந்து மற்றொரு ஜுஸ்வுக்குத் தாவிவிடுவான். தான் எந்தக் கிளையில் நிற்கிறோம் என்பதை அவன் ஓதிக்கொண்டே மனத்தில் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பிடிமானத்துக்கு உள்ளத்தில் இருக்கும் சிலேட்டு மிகச் சிறியது. 'உஸ்தாத் எழுந்துவிடுவாரோ' என்னும் ஒரு வரியை அதில் எழுதிவிட்டால் மற்றதற்கு இடம் ஏது?

அச்சத்தோடு கற்றது நெஞ்சில் ஆழப் பதியும் என்போரும் உண்டு. அதில் பாதி உண்மை. உணர்ச்சி மிகுந்த நிகழ்ச்சிகளை மூளை அழுத்தமாகத்தான் பதிக்கிறது. ஆனால் எதைப் பதிக்கிறது? திருமண வீடுகளில் பெரியவர்கள் கூடி அமர்ந்து ஓதுபள்ளிக் காலத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். எந்த உஸ்தாத் எந்தக் கையால் அடித்தார், பிரம்பு எங்கே செருகியிருக்கும் என்றெல்லாம் துல்லியமாகச் சொல்வார்கள். அன்று நடந்த பாடம் எது என்று கேட்டால் சிரிப்பார்கள்.

வரலாறு படித்தவன் என்பதால் ஒரு செய்தியை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். 1332இல் தூனிஸில் பிறந்த இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களைப் பட்டப்படிப்பில் எனக்கு அறிமுகப்படுத்தினார்கள். அரசுகள் எழுவதையும் வீழ்வதையும் ஆராய்ந்த மேதை என்று. 1377இல் அவர் எழுதிய 'முகத்திமா'வில் மாணவர்களைக் கடுமையாக நடத்துவது அவர்களுக்குக் கேடு விளைவிக்கும் என்பதற்கென்றே தனி இயல் ஒன்று இருப்பதை எந்தப் பேராசிரியரும் எங்களிடம் சொல்லவில்லை. மதரஸாவுக்கு வந்த பிறகே அதைப் படித்தேன். கடுமைக்குள்ளாகும் பிள்ளையின் உள்ளம் சுருங்குகிறது, ஊக்கம் போய்விடுகிறது, அடிக்குப் பயந்து உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசப் பழகுகிறான், நாளடைவில் அதுவே அவனுடைய குணமாகிவிடுகிறது என்று அவர் காரணகாரியத்தோடு எடுத்துச் செல்கிறார். அவர் அத்தோடு நிற்கவில்லை. கொடுங்கோன்மைக்கு ஆட்பட்ட சமுதாயங்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது என்று வகுப்பறையிலிருந்து அரசியலுக்குப் போய்விடுகிறார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாடம் நடத்திய முறைக்கு நமக்கு வேறு சான்று வேண்டியதில்லை. முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) என்னும் தோழர் தொழுகையின் நடுவே, தும்மியவருக்குப் பதில் சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்கள் முறைத்தார்கள்; தொடையில் தட்டினார்கள். அவர் குழம்பிப் போனார். தொழுகை முடிந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவுமில்லை, அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. தொழுகை எதற்குரியது என்பதை மட்டும் எடுத்துச் சொன்னார்கள். அதற்கு முன்னும் பின்னும் அத்தகைய ஓர் ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்று அந்தத் தோழரே பின்னர் அறிவித்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தவறு செய்தவருக்குத் தவறும் புரிந்தது, பாடமும் மறக்கவில்லை.

என்னிடம் ஓதிய ஒரு மாணவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதின்மூன்று வயது. எங்கள் பக்கத்து வழக்கில் சொன்னால், சபுராளி வீட்டுப் பிள்ளை. தகப்பனார் வளைகுடாவில். இரண்டாண்டுக்கொரு முறை, இரண்டு மாத விடுப்பில் வருவார். பையன் 19 ஜுஸ்வு மனனம் செய்து முடித்திருந்தான். அவ்வாண்டு தகப்பனார் வந்து திரும்பிய பிறகு புதிய பாடம் நின்றுவிட்டது. அது மட்டுமன்று, பழைய பாடமும் சரிந்தது. 'அஃராஃப்' அத்தியாயத்தில் தொடங்குவான், 'ஷுஅரா'வில் போய் முடிப்பான். மூத்த ஆசிரியர் ஒருவர், "கவனம் சிதறிவிட்டது, கண்டித்தால் சரியாகும்" என்றார். தகப்பனாரோ தொலைபேசியில், "மண்டையில் ஏறவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள் ஹஜ்ரத், ஏதாவது தொழில் பழகட்டும்" என்று சொல்லிவிட்டார். ஒலிபெருக்கி போட்டிருந்ததால் பையனும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் அப்போது அழுகையில்லை. விடுபட்டோம் என்னும் மகிழ்ச்சியுமில்லை. ஏற்கெனவே தெரிந்த செய்தியை மறுபடி கேட்பவனைப் போல் நின்றான்.

பாடம் தெரியாத பிள்ளைக்கும் அஞ்சி நிற்கும் பிள்ளைக்கும் வேறுபாடு உண்டு. தடுமாறும் இடத்தில் ஒரேயொரு சொல்லை எடுத்துக் கொடுத்துப் பார்ப்பேன். அச்சத்தில் நிற்பவன் அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு முழுப் பக்கத்தையும் ஓதிவிடுவான். கதவு சாத்தியிருந்தது, அவ்வளவே. ஓதாமல் வந்தவனோ மூன்றாவது சொல்லில் மறுபடி நிற்பான். (அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். எல்லாத் தடுமாற்றத்தையும் அச்சத்தின் கணக்கில் எழுதிவிட நான் தயாரில்லை.) இவன் முதல் வகை.

மூன்று வாரம் புதிய சபக்கை நிறுத்தினேன். என் மேசைக்கு எதிரே உட்காருவதை மாற்றி, தூணோரம் என் பக்கத்தில் தோளோடு தோளாக உட்கார வைத்தேன். என்னிடம் ஒப்பிக்கும் முன் அவனுக்குப் பிடித்த தோழன் ஒருவனிடம் ஒப்பித்துவிட்டு வரச் சொன்னேன். ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்ட வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முறை அது. தடுமாறினால் வாய்திறக்காமல் மனத்துக்குள் ஐந்து எண்ணுவேன். இவையெல்லாம் எளிது. கடினமாக இருந்தது தகப்பனாரிடம் பேசியதுதான். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு தவறாமல் மகனோடு பேசும்படியும், முதல் பத்து நிமிடம் பாடத்தைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "பாடத்தைக் கேட்காவிட்டால் வேறு என்ன பேசுவது ஹஜ்ரத்?" என்றார்.

வாசகர்களே, அந்த மனிதரைக் குறை சொல்லாதீர்கள். மகனின் வாழ்நாளில் அவனோடு அவர் இருந்த மாதங்களை எண்ணினால் ஏறத்தாழ ஓராண்டளவே தேறும். மதிப்பெண்ணும் ஜுஸ்வுக் கணக்கும் அல்லாமல் பேசுவதற்கு அவர்களுக்கிடையே வேறொன்றும் வளரவில்லை. வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பையன் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு ஓடியதைப் பார்த்தேன். மற்றவர்களைவிட அவனுக்கு ஓராண்டு கூடுதலாயிற்று. ஆயினும் அல்ஹம்துலில்லாஹ், 30 ஜுஸ்வையும் முடித்தான். 'அஃராஃபு'க்கும் 'ஷுஅரா'வுக்கும் இடையே இப்போதும் எப்போதாவது தாவுகிறான். அச்சமே இல்லாத நல்ல ஹாஃபிழ்களும் அங்கே தாவுவதுண்டு.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை மதரஸாவிலிருந்தோ பள்ளிக்கூடத்திலிருந்தோ முகம் வெளிறி வந்தால் நாம் வாசலிலேயே விசாரணையைத் தொடங்கிவிடுகிறோம். முதல் வஹீ வந்த நாளில் நாயகம் (ஸல்) அவர்கள் நடுங்கியவர்களாக வீடு திரும்பி, போர்த்தும்படி கேட்டார்கள். கதீஜா (ரலி) அவர்களின் வீட்டில் முதலில் போர்த்தினார்கள். நடுக்கம் தீர்ந்தது. என்ன நடந்தது என்னும் பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. போர்வைக்கும் கேள்விக்கும் உள்ள அந்த முன்பின் வரிசை நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாகிவிட்டது.

உறக்கத்தையும் இங்கே மறந்துவிடலாகாது. பகலில் கற்றதை மூளை உறுதிப்படுத்துவதில் இரவுத் தூக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. காலையில் ஓதல், பிறகு பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், மஃரிபுக்குப் பின் மறுபடி மக்தப், இரவு பதினொன்றுக்கு வீட்டுப்பாடம் என்று பத்து வயதுப் பிள்ளையை ஓட்டிவிட்டு, ஃபஜ்ருக்குப் பிறகு அவன் கண் சொருகுவதைப் பார்த்துக் கோபப்படுகிறோம். எங்கள் மதரஸாவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிப்ரவரி முதல் மாலை மக்தபை அரைமணியாகச் சுருக்கிவிட்டோம். சில பெற்றோர் ஆட்சேபித்தார்கள். நாங்கள் மாற்றவில்லை.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தால் வருத்துவதையும் தடை செய்கிறது. மார்க்கக் கல்வியை முதன்மையாகக் கொண்ட மதரஸாக்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்களித்தது. இதைச் சிலர் ஆறுதலாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சட்டம் நம் வாசலுக்கு வெளியே நிற்பதால் நம் பொறுப்பு கூடியிருக்கிறதே அல்லாமல் குறையவில்லை.

பொதுத் தேர்வு முடிவுகளில் முதலிடம், இரண்டாமிடம் என்று தரவரிசை வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. நல்ல காரியம். ஆனால் அரசு கைவிட்டதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் கைப்பற்றிக்கொண்டன. முடிவு வந்த பத்தாவது நிமிடம் பெரியம்மா மகனின் மதிப்பெண்ணும் சாச்சா மகளின் மதிப்பெண்ணும் அடுக்கப்படுகின்றன. இதை நிறுத்த அரசாணை தேவையில்லை. குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் மறுத்தால் போதும்.

தேர்வைக் கண்டு நடுங்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும் எளிய முறை ஒன்று உண்டு. 2011இல் 'சயன்ஸ்' ஏட்டில் வெளியான ஆய்வொன்றில், தேர்வுக்குச் சற்று முன்பாகப் பத்து நிமிடம், தம் மனத்திலுள்ள கவலைகளை அப்படியே தாளில் எழுதும்படி மாணவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அச்சம் மிகுந்த மாணவர்கள் அப்படி எழுதியபோது, எழுதாதவர்களைவிட நன்றாகத் தேர்வெழுதினார்கள். உள்ளத்துச் சிலேட்டில் கிடந்ததைத் தாளில் இறக்கி வைத்துவிட்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எங்கள் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்க்கிறேன். எழுதிய தாளை நான் வாங்கிப் படிப்பதில்லை; கிழித்தெறிந்துவிட்டுப் போகச் சொல்லிவிடுவேன். ஒரு பெண்பிள்ளை மட்டும் தானாகவே என்னிடம் நீட்டினாள். "ஃபெயிலானால் வாப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லும்போது உம்மா அழுவாங்க" என்று எழுதியிருந்தாள். கணிதத்தைப் பற்றி அதில் ஒரு வரியுமில்லை.

அவளுடைய தாயாரை அழைத்துப் பேசினோம். தோல்வியுற்றாலும் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு, ஆண்டு வீணாகாது என்பது அவ்வம்மையாருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்ததும் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் எல்லா வீட்டிலும் இப்படி உட்கார்ந்து பேச ஒருவர் இருப்பார் என்று சொல்ல முடியாது. மனத்தளவில் நொறுங்கியிருப்போர் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசக்கூடிய டெலிமானஸ் என்னும் அரசு உதவி எண் 2022ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது: 14416. எங்கள் மதரஸாவின் கரும்பலகையில் வலது மூலையில், அழிக்க வேண்டாம் என்ற குறிப்புடன் அதை எழுதி வைத்திருக்கிறோம்.